துணி செருகிய உக்குலேலே

அம்மாவுக்கு வளைகாப்பு முடிந்த கொஞ்ச நாளில் மாமா அந்த உக்குலேலேயைக் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பியான அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் அணையும்போதெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து ஓரிரு நாள் தங்கிவிட்டுப் போவார். வெறுங்கையோடு வரமாட்டார். ஆனால் அவர் கொண்டுவந்த எதுவும் வீட்டுக்குப் பயன்பட்டதாகச் சரித்திரம் இல்லை. ஒருமுறை கண்ணாடிப் புட்டிக்குள் நிற்கும் குட்டிக் கப்பல். இன்னொரு முறை அப்பாவின் தலையைப் போல இரண்டு மடங்கு பெரிதான ஓலைத் தொப்பி. இந்த முறை, முதுகு சிராய்த்துப்போன, கித்தாரின் குட்டி போல ஒன்று. கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போனதாம்.

“புதுசா வரப்போறவனுக்கு எல்லாரும் சாமான் கொண்டு வருவாங்க பாப்பா. உனக்கு யாரு கொண்டு வருவா? அதான் நான் கொண்டாந்தேன்” என்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. அதுவரை வீட்டில் ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தாலும் வீட்டில் நான் பாப்பாதான். அந்தப் பட்டம் இன்னும் சில மாதங்களில் கைமாறப்போகிறது என்று அப்பா என்னைச் சீண்டிக்கொண்டிருந்த காலம் அது. வரப்போவது தம்பிதான் என்பதிலும் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. சொல்லிச் சொல்லியே அவன் தம்பியாகிவிட்டான்.

மாமாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. சுதி சேர்ப்பது மட்டும்தான் தெரியும். நாலு கம்பிகள். கம்பி என்கிறேனே தவிர, அவை தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழைகள். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் கட்டை விரலால் தட்டி, அந்த ஓசையிலேயே “பாப் - பா - எங் - கே” என்று பாடிக் காட்டினார்.

“கப்பல்ல அவன் வேற என்னமோ பாஷையில சொல்லிக் குடுத்தான். உனக்காக நான் மாத்திட்டேன். இந்த நாலு சத்தமும் சரியா வந்தா சுதி சேந்துருச்சுன்னு அர்த்தம். மத்ததெல்லாம் இந்தத் தாளுல இருக்கு. நீயே கத்துக்க லா, என்ன பெரிய வித்தையா?”

தாளைக் கையில் திணித்துவிட்டு மறுநாள் அவர் கப்பலுக்குப் போய்விட்டார். இனி அடுத்த ஆண்டுதான் வருவார். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன ஒற்றைத் தாள் அது. அதில் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டங்களுக்குள் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு படத்தின் தலையிலும் ஓர் ஆங்கில எழுத்து. நாலு கம்பிகளையும் சேர்த்து மீட்டும்போது எந்தக் கம்பியில் எந்தக் கட்டத்தில் விரலை அழுத்தினால் என்ன ஓசைக் கூட்டு வரும் என்று அந்தப் படங்கள் சொல்வதாக நானே கண்டுபிடித்தேன். அந்தக் கூட்டுக்கு ‘கார்டு’ என்று பெயர் என்பதைத் தாளின் மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

முதல் படம் ஸி. ஒரே ஒரு புள்ளி, ஒரே ஒரு விரல். இதைவிட எளிது உலகத்தில் இல்லை என்று தோன்றியது. படத்தில் வலது ஓரக் கோட்டில் மூன்றாவது கட்டத்தில் புள்ளி இருந்தது. உக்குலேலேயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது ஓரம் என்றால் என் முகவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கம்பிதான் என்று முடிவுசெய்து, அங்கே மோதிர விரலை அழுத்தி மீட்டினேன். தகர டப்பாவில் கல் உருண்டது போல ஓர் ஓசை வந்தது. திரும்பத் திரும்ப மீட்டினேன். விரல் நுனியில் நரம்பு பதிந்து பள்ளம் விழுந்தது. மறுநாள் பள்ளியில் பென்சில் பிடிக்கும்போதுகூட வலி தெரிந்த மாதிரி இருந்தது. வலித்தது இடது கை, எழுதியது வலது கை என்பதை அப்போது யோசிக்கவில்லை. ஓசை மட்டும் மாறவே இல்லை. மாமா கொண்டுவரும் பொருட்களின் வரலாறு தெரிந்ததால், உக்குலேலேதான் பழுது என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனாலும் விடவில்லை. எனக்கு ஒரு திட்டம் இருந்தது. தம்பி பிறந்ததும் அவனைத் தூங்கவைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்திருந்தேன். குழந்தை வந்தால் வீட்டில் எல்லாரும் அதையேதான் சுற்றுவார்கள். அப்போது அது என்னைத்தான் தேட வேண்டும் என்பது உள்ளே இருந்த கணக்கு. மாலையில் அம்மா பின்கட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாக் கல்லை உருட்டுவேன். அம்மா திடுக்கிட்டு வயிற்றில் கைவைப்பார்.

“எட்டி உதைக்கிறான் பாரு. ஒண்ணு, அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இல்ல, போதும் நிறுத்துன்னு சொல்றான்.”

“பிடிச்சிருக்குதான்” என்பேன் நான்.

“சரி, அப்ப வாசி.”

அம்மா சிரிக்கும்போது வயிறும் சேர்ந்து குலுங்கும். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் சோறு போட்டார்கள். அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நான் தம்பியைப் பார்க்கப்போகும் சந்தோஷத்தில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த நாள் கிள்ளானிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, துணி மூட்டையோடு வந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அதற்கும் அடுத்த நாள் ஒரு டாக்சி வந்து நின்றது. அப்பா முதலில் இறங்கி அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா இறங்கினார். நான் டாக்சிக்குள் எட்டிப் பார்த்தேன். பின் இருக்கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிளாஸ்டிக் கூடை மட்டும் இருந்தது.

தம்பிதான். அது சரியாகத்தான் இருந்தது. மூச்சு மட்டும் இல்லாமல் பிறந்திருந்தான். அப்பாவும் அவரோடு வேலை பார்க்கும் ஒருவரும் அவனைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். இதை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. சமையலறையில் அத்தை யாரிடமோ சொன்னதிலிருந்து துண்டு துண்டாக நான் சேர்த்துக்கொண்டது.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரியும். கூடாரம் போடுவார்கள், நாற்காலி வரும், பதினாறாம் நாள் காரியம் முடியும். அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர்கள் தயங்கித் தயங்கி ரேடியோவைத் திறப்பார்கள். அதோடு துக்கத்துக்கு ஒரு கோடு விழுந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வந்து பார்ப்பதா வேண்டாமா என்றே அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவில்லை. சிலர் வாசல்வரை வந்து, அத்தையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

நான் அத்தையிடம் கேட்டேன். “பதினாறாம் நாளு எப்ப அத்தை?”

“பேரு வைக்காத புள்ளைக்கு ஏதும்மா பதினாறாம் நாளு? காரியமெல்லாம் கெடையாது.”

“அப்ப எப்ப ரேடியோ போடலாம்?”

தெரிந்திருந்தால் அத்தை சொல்லியிருப்பார். எல்லாவற்றுக்கும் நாளும் முறையும் தெரிந்த அத்தைக்கே அது தெரியவில்லை. ரேடியோவின் மேல் ஒரு துண்டு போட்டு மூடப்பட்டது. டிவியை யாரும் தொடவில்லை. கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டே சாத்தினோம். தொடங்கிய நாள் தெரிந்த, முடியும் நாள் தெரியாத துக்கம் அது.

எனக்கு அப்போது உக்குலேலே நினைவுதான். வாசிப்பது தவறு என்று தெரிந்திருந்தது. சுதி சேர்ப்பது வாசிப்பதில் சேருமா என்பதில்தான் சந்தேகம். நைலான் நரம்பு நாளாக நாளாக இழுபட்டு நீண்டுகொண்டே போகும். தினமும் திருகாவிட்டால் தளர்ந்துவிடும். ஒரு மத்தியானம் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, திருகைத் திருகி, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி மெல்லப் பாடினேன்.

“பாப் - பா - எங் - கே?”

மூன்றாவது தடவை பாடும்போது அத்தையின் ஈரக் கை என் வாயைப் பொத்தியது. மீன் கழுவிய கை. உக்குலேலே என் மடியிலிருந்து நழுவி விழுந்து நாலு கம்பியும் சேர்ந்து முனகின. அம்மாவின் அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அத்தை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வார்த்தைய இந்த வீட்ல இனிமே சொல்லாத” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போல இருந்தது.

அது என் பெயர்தானே என்று எனக்கு முதலில் குழப்பம். பிறகு மெல்ல உறைத்தது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “ஏம்மா”, “இங்க வா”, “சாப்பிட்டியா” என்று பெயர் இல்லாமலேயே எல்லாம் நடந்தது. கைமாறப்போவதாக இருந்த பட்டம் எனக்கும் இல்லாமல் அவனுக்கும் இல்லாமல் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது.

உக்குலேலே விழுந்ததில் ஒரு திருகு லூசாகிவிட்டது. எவ்வளவு திருகினாலும் நழுவித் திரும்பி வந்தது. அதை வைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பா டூட்டி முடிந்து வந்தார். அப்பா சிக்னல் கம்பிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. என் கையில் இருந்ததைப் பார்த்தார். பிடுங்கிக்கொள்ளப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பையைத் திறந்து திருப்புளியை எடுத்து, திருகின் முனையில் இருந்த குட்டி ஆணியை இறுக்கினார். நாலு திருகுகளையும் வரிசையாக இறுக்கினார். பின், சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீளவாக்கில் மடித்து, கம்பிகளுக்கும் பலகைக்கும் நடுவில் செருகினார். கட்டை விரலால் ஒருமுறை மீட்டிப் பார்த்தார். தொப்பென்று ஒரு சத்தம், விரலால் தலையணையைத் தட்டியது போல.

“இப்படியே வச்சுக்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்படித்தான் நான் உக்குலேலே கற்றுக்கொண்டேன். ஓசை இல்லாமல்.

ஓசை இல்லாதபோது விரல்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒருநாள் அதை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் கீழே கிடந்தது. தாளில் இருந்த படமும் என் எதிரில் நின்ற உக்குலேலேயும் ஒன்றேபோல இருந்தன. அப்போதுதான் புரிந்தது. படம், நெஞ்சோடு அணைத்திருக்கும் வாத்தியத்துடையது அல்ல. எதிரில் நிமிர்ந்து நிற்கும் வாத்தியத்துடையது. வலது ஓரக் கோடு என்பது முகவாய்க்குப் பக்கத்துக் கம்பி அல்ல, தரையைப் பார்த்திருக்கும் கடைசிக் கம்பி. இத்தனை நாள் நான் எல்லாவற்றையும் தலைகீழாக அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். உக்குலேலே மேல் ஒரு பிழையும் இல்லை.

விரலைச் சரியான கம்பிக்கு மாற்றினேன். மீட்டினேன். தொப். சரியா தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் தண்டவாளம். சரக்கு ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். பேசுபவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு அது போகும்வரை காத்திருப்பார்கள். ரயில் வருகிற நேரம் பார்த்து வேலியோரம் ஓடுவேன். கைக்குட்டையை உருவிவிட்டு, பெட்டிகள் கடந்து முடியும்வரை வெறிபிடித்தவள் போல மீட்டுவேன். ஸி, எஃப், ஜி செவன். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல். என்னைத் தவிர யாருக்கும் கேட்காது என்பது திட்டம். ரயில் சத்தத்தில் எனக்கும் கேட்கவில்லை என்பதுதான் விளைவு. கடைசிப் பெட்டி கடந்ததும் கைக்குட்டையைத் திரும்பச் செருகிக்கொண்டு, சாதித்தவள் போல வீட்டுக்கு நடப்பேன்.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தினமும் பள்ளி விட்டு வரும் வழியில் கோவிலுக்குப் பக்கத்து ஐந்தடி நடைபாதையில் இருந்த பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கிவர வேண்டும். அத்தை அனுப்புவார்.

“ஏன் கேர்ள், வீட்ல என்ன விசேஷம், தினமும் இவ்வளவு பூ?” என்று பூக்கார ஆன்டி கேட்டார்.

“விசேஷம் ஒண்ணும் இல்ல ஆன்டி. அம்மாவுக்கு.”

“அம்மாவுக்கு உடம்புக்கு என்ன?”

“தம்பி பொறந்தான். ஆனா வீட்டுக்கு வரல.”

ஆன்டி கட்டிக்கொண்டிருந்த நாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வாளியில் கைவிட்டு, மலராத மொக்காகப் பார்த்துப் பொறுக்கி, தண்ணீரை உதறி வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். “நேரா வீட்டுக்குப் போ. வெயில்ல வாடிடும்” என்றார்.

துக்க வீட்டுக்கு எதற்குப் பூ என்று நான் குழம்பினேன். அம்மாவின் தலையிலும் அது ஏறவில்லை, சாமி படத்துக்கும் போகவில்லை. அத்தை அதை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பிள்ளை இல்லாமல் பால் கட்டிக்கொண்டு வலி எடுக்கும்போது மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது பெண்கள் வழிவழியாகச் செய்துவரும் வைத்தியம். எனக்கு அது தெரியவந்தது நான் தாயான பிறகு. அப்போது தெரிந்ததெல்லாம், அத்தை சமையலறைக்குப் போனதும் அம்மா அந்தச் சரத்தை அவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார் என்பதுதான். கூட்டும்போது நான் பார்த்தேன். பூ கொஞ்சமும் கசங்காமல் இருந்தது. அத்தையிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு மல்லிகை பிடிக்காமல் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு பிற்பகல் அத்தை மீன், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். அப்பா டூட்டியில் இருந்தார். மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. நான் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, கைக்குட்டை செருகிய உக்குலேலேயில் எஃப்பிலிருந்து ஜி செவனுக்கு விரல் மாற்றிப் பழகிக்கொண்டிருந்தேன். அது கடினமான இடம். மூன்று விரல்கள் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் போய் உட்கார வேண்டும். எப்போதும் ஒரு விரல் வழிதவறிவிடும்.

பின்னால் அம்மா வந்து நின்றது எனக்குத் தெரியாது. பூப்போட்ட கைலியும் பொத்தான் வைத்த சட்டையுமாக, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வீட்டுக்கு வந்தபின் அவர் அறையைவிட்டுப் பின்கட்டுவரை வந்தது அதுதான் முதல் தடவை.

“என்ன பண்றே?”

“ஒண்ணும் இல்லம்மா. சத்தம் வராது. அப்பா துணி வச்சுக் குடுத்தாரு.”

அம்மா மெல்ல என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். கைக்குட்டையைப் பார்த்தார். அது அப்பாவுடையது என்று தெரிந்துகொண்டது போல அதன் ஓரத்தை விரலால் தொட்டார்.

“இத்தன நாளா இப்படியா வாசிச்சே?”

“ஆமா.”

“துணிய எடுத்துட்டு வாசி.”

“அத்தை திட்டுவாங்க.”

“நான் சொல்றேன்ல? எடு.”

கைக்குட்டையை உருவினேன். அம்மா திட்டாவிட்டாலும், அந்தத் தகர டப்பா ஓசை திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். மோதிர விரலைக் கடைசிக் கம்பியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மீட்டினேன்.

அப்படி ஓர் ஓசை அந்த மரப்பெட்டிக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியாது. சின்ன ஓசைதான். ஆனால் நாலு கம்பியும் ஒன்றையொன்று இடிக்காமல், தோளோடு தோள் சேர்த்து நின்றது போல இருந்தது. நான் பயந்து நிறுத்திவிட்டேன்.

“ஏன் நிறுத்திட்டே?”

மறுபடி வாசித்தேன். ஸி, எஃப், ஜி செவன், திரும்ப ஸி. பாட்டு ஒன்றும் இல்லை. தம்பிக்காக யோசித்து வைத்திருந்த ஓர் ஆட்டம் மட்டும், தொட்டிலை ஆட்டுவது போல, போய்ப் போய் வரும். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முழங்கால்கள் மெல்ல அசைந்தன. பிறகு சட்டென்று எழுந்து குளியலறைக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாசித்திருக்கக் கூடாது என்று நினைத்து, கைக்குட்டையைத் திரும்பச் செருகப் போனேன். அதற்குள் அம்மா வந்துவிட்டார். முகம் கழுவியிருந்தார். சட்டையின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

“துண்டு எடுத்துட்டு வரவாம்மா? சட்டையெல்லாம் தண்ணி.”

அம்மா குனிந்து பார்த்துக்கொண்டார்.

“தாப்பா, பரவால்ல. அது காயும். நீ வாசி.”

வேறு யாருடைய குழந்தை அழுதாலும், சில நேரம் குழந்தையை நினைத்தாலே போதும், பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்பார்கள். நான் எதைக் கண்டேன்? நான் வாசித்தேன். அவர் சட்டையில் ஈரம் பரவிக்கொண்டே போனது. குழாயை ரொம்பப் பெரிதாகத் திறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது பக்கவாட்டு வழியில் அத்தை நின்றிருந்தார். பாசார்க் கூடை கையில் தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் சட்டையைப் பார்த்தார். என் விரல்கள் கம்பியிலேயே உறைந்துவிட்டன. அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கடைசிப் படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணி, நான்தான் வாசிக்கச் சொன்னேன்” என்றார் அம்மா.

“நான் ஒண்ணும் சொல்லலியே” என்றார் அத்தை, திரும்பாமலே. பிறகு, “வாசிடி” என்றார்.

அன்று மாலை அப்பா வந்ததும் அத்தை அவரிடம் பேசியது என் காதில் விழுந்தது. “நாளையிலேந்து பூ வேணாம்டா தம்பி. அவ கட்டிக்கிறதில்ல. நானும் வற்புறுத்தல. விடு, அது பாட்டுக்கு நிக்கட்டும்.”

அது பாட்டுக்கு நிக்கட்டும். எனக்குக் கேட்டது ‘பாட்டு’ என்ற ஒரு சொல்தான். என் பாட்டுக்கு அத்தை அனுமதி கொடுத்துவிட்டார், அது நிற்கும்போது நிற்கட்டும் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். அந்தப் பெருமையில் அன்று சாப்பிடும்போதுகூட இடது கை விரல்களால் தட்டின் ஓரத்தில் கார்டு பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் தினமும் பள்ளி விட்டு வந்ததும் அம்மா படியில் காத்திருப்பார். நான் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து வாசிப்பேன். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். தலை வாரிக்கொண்டார். ஒருநாள் என் சடையைப் பின்னிவிட்டுக்கொண்டே நான் வாசிப்பதைக் கேட்டார். வாசித்து முடிக்கும்போது அவர் சட்டை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். கொடியில் தினமும் அம்மாவின் சட்டைகளாகத் தொங்கும். நான் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அம்மா துணி துவைத்துவிட்டு அப்படியே வந்து உட்காருகிறார் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். நாள் போகப் போக ஈரம் குறைந்து, பிறகு சின்னச் சின்ன வட்டமாக மட்டும் தெரிந்ததையும் பார்த்தேன். துணி குறைந்துவிட்டது போலும் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

எஃப்பிலிருந்து ஜி செவனுக்கு விரல்கள் வழிதவறாமல் போய்ச் சேர்ந்த நாள் அது. தட்டுத் தடங்கல் இல்லாமல் முழுவதும் வாசித்தேன். முடித்ததும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். இடையில் அம்மாவைப் பார்த்தேன், அவர் கவனித்தாரா என்று. அம்மா குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை காய்ந்திருந்தது. உள்ளங்கையை நெஞ்சின் மேல் அழுத்திவைத்து எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு பக்கம் அழுத்திவைத்து எடுத்துப் பார்த்தார். “இன்னும் வாசி” என்றார். வாசித்தேன். “இன்னும்” என்றார்.

பிறகு அம்மா அழுதார். டாக்சியிலிருந்து இறங்கிய அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சில் பின்னி, முன்னும் பின்னுமாக ஆடி, வாய்விட்டு அழுதார். சமையலறையிலிருந்து அத்தை ஓடிவந்து அவரைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். “போச்சு அண்ணி, அதுவும் போச்சு” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

எது போச்சு என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வாசித்துக்கொண்டு வந்ததில் கடைசியில் ஓரிடத்தில் ஆள்காட்டி விரல் சற்று நழுவி ஒரு கம்பி கமறியதுதான். அதைத்தான் அம்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

“ஸாரிம்மா, விரல் தப்பிடுச்சு” என்றேன். “அழாதீங்க. இருங்க, மறுபடியும் சரியா வாசிக்கிறேன்.”

விரல்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்து, நன்றாக அழுத்தி, முதலிலிருந்து தொடங்கினேன்.